சிறு பிள்ளைகளின் வாய்ப்புண்ணும் முரசு வலியும்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

சிறு பிள்ளை திடீரென உணவை மறுக்கிறது, வாயிலிருந்து உமிழ்நீர் வழிகிறது, இரவு முழுவதும் உறங்காமல் அழுகிறது, உடலும் சுடுகிறது. இத்தகைய வேளைகளில் எமது குடும்பங்களில் முதலில் கூறப்படும் விளக்கம், ‘பல்லு முளைக்குது, அதுதான் காய்ச்சல்’ என்பதாகும். பாட்டி சொல்லித் தாயும், தாய் சொல்லி மகளும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இது. பல வேளைகளில் இதனால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் சில வேளைகளில், மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோயொன்றின் முதல் மூன்று நாட்கள் இந்த விளக்கத்திலேயே கழிந்து விடுகின்றன.

ஷ்லீரன் நகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் தமது பிள்ளையின் வாயில் ஏற்படும் வலியை எவ்வாறு இனங்காண்பது, வீட்டில் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது, எப்போது யாரை அழைப்பது, செலவை யார் ஏற்பர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த முடிவுக்கும் வருமுன் பின்வரும் மூன்றையும் பாருங்கள்.

1. காய்ச்சல் உண்டா? நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது. வெப்பமானியால் அளந்து, நேரத்துடன் குறித்து வையுங்கள். பல் முளைக்கும்போது உடல் வெப்பம் சற்று உயரக்கூடும். ஆனால் 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சலாகும். அதற்குப் பல்லைக் காரணமாகக் கொள்ளலாகாது.

2. பிள்ளை குடிக்கிறதா? வாய்ப்புண் உள்ள சிறு பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆபத்தாவது புண் அன்று. வலியினால் நீர் அருந்தாமல் உடல் வறண்டு போவதே. ஆறு முதல் எட்டு மணிநேரமாக அணையாடை நனையவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, நாக்கு உலர்ந்துள்ளது, உச்சிக்குழி உட்குழிந்துள்ளது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்பன வறட்சியின் அறிகுறிகளாகும்.

3. வாயினுள் என்ன தெரிகிறது? பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் மலர்த்திக் கிடத்தி, உதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். முரசு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, பற்களின் அடிப்பகுதி ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றையும் பாருங்கள்.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கையில் இருந்தால், தொலைபேசியில் பேசும் மருத்துவ உதவியாளர் சில நிமிடங்களிலேயே உங்களுக்கு வழி கூற முடியும்.

பல் முளைக்கும் காலம்

பாற்பற்கள் மொத்தம் 20. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதம் முதல் பத்தாம் மாதத்துக்குள் கீழ்முன்பற்கள் முதலில் வெளிவருகின்றன. மேல்முன்பற்கள் அவற்றைத் தொடரும். முதற் கடைவாய்ப்பற்கள் ஒரு வயதுக்குப் பின்னரும், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் இரண்டு வயதளவிலும் அதற்குப் பின்னரும் தோன்றுகின்றன. ஏறத்தாழ மூன்று வயதில் இருபது பற்களும் முளைத்து முடிகின்றன. ஓரிரு மாதங்கள் முந்துவதோ பிந்துவதோ நோயன்று.

பல் முளைக்கும்போது முரசு சிறிது சிவந்து தடிக்கும். உமிழ்நீர் மிகும். பிள்ளை கைக்கு அகப்பட்டதைக் கடிக்கும், சினக்கும். இவை ஒவ்வொரு பல்லுக்கும் சில நாட்களே நீடிக்கும். கடுமையான காய்ச்சல், தொடர்ந்த வயிற்றோட்டம், வாயில் கொப்புளங்கள், உடலில் பரவும் தடிப்பு ஆகியவை இப்பட்டியலில் இல்லை. ஆறாம் மாதத்திலிருந்து தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்பு குறையத் தொடங்குகிறது. அதே காலத்தில் பிள்ளை தவழ்ந்து எல்லாவற்றையும் வாயிலும் வைக்கிறது. ஆகவே பல்லும் தொற்றுநோயும் ஒரே பருவத்தில் வருகின்றன. ஒன்று மற்றதற்குக் காரணமாகி விடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இறப்புப் பதிவேடுகளில் ‘பல் முளைத்தல்’ என்பதே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மரணத்துக்குக் காரணமாக எழுதப்பட்டது. உண்மையான நோய்கள் பல அந்த ஒரு சொல்லின் பின்னே மறைந்து போயின.

வாயில் புண் தோன்றும் நோய்கள்

வெண்படலம்: கைக்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பால் படிந்ததாயின் ஈரத்துணியால் துடைக்க அகன்றுவிடும். அகலாமல், துடைத்த இடம் சிவந்து காணப்பட்டால் அது கன்டிடா எனும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதற்கு மருத்துவர் பூஞ்சையெதிர்ப்பு மருந்து தருவார். தாய்ப்பால் ஊட்டும் தாயின் முலைக்காம்புக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படலாம். அக்காலத்தில் பாற்போத்தலின் சூப்பியையும் நுக்கியையும் நாள்தோறும் கொதிநீரில் இடுங்கள்.

முரசும் வாயும் அழலும் ஹெர்பீஸ் தொற்று: ஜேர்மன் மொழியில் ‘முண்ட்ஃபொய்லெ’ எனப்படும் இந்நோய் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வருகிறது. பல் முளைக்கும் வலியாகத் தவறாகக் கருதப்படுவதில் முதன்மையானது இதுவே. முதலில் 39 அல்லது 40 பாகை வரை காய்ச்சல் வரும். ஓரிரு நாட்களில் முரசு முழுவதும் செந்நிறமாக வீங்கும். தொட்டாலே இரத்தம் கசியும். பின்னர் நாக்கிலும் உதட்டிலும் வாயைச் சுற்றியும் சிறு கொப்புளங்கள் தோன்றி உடைந்து மஞ்சள் நிறப் புண்களாகும். வாயிலிருந்து துர்நாற்றம் வீசும். நோய் பத்து முதல் பதினான்கு நாட்களில் தானாகவே ஆறிவிடும்.

ஆயினும் காலம் இங்கு முக்கியமானது. 1997இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், ஒன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு நோய் தொடங்கி 72 மணிநேரத்துக்குள் அசைக்ளோவிர் பாணி கொடுக்கப்பட்டது. மருந்து பெறாத பிள்ளைகளுக்கு ஏறத்தாழ பத்து நாட்கள் நீடித்த புண்கள், மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ நான்கு நாட்களில் ஆறின. அம்மருந்து தேவையா என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். ஆனால் ‘பல்லுத்தானே’ என்று நான்கு நாட்கள் காத்திருந்த பெற்றோருக்கு அந்தத் தெரிவே இல்லாமற் போகிறது. இந்நோயை ஏற்படுத்துவது வைரசு. அன்டிபயோட்டிக் மருந்துகள் அதன்மீது செயற்படமாட்டா.

உதட்டில் காய்ச்சற் கொப்புளம் உள்ள பெரியவர்களிடமிருந்தே பிள்ளைக்கு இவ்வைரசு பெரும்பாலும் தொற்றுகிறது. ஆகவே கொப்புளம் உலர்ந்து உதிரும் வரை பிள்ளையை முத்தமிடுவதையும், ஒரே கரண்டியால் சுவைத்து ஊட்டுவதையும், நுக்கியைத் தம் வாயில் வைத்துச் சுத்தம் செய்வதையும் தவிர்த்தல் வேண்டும். பிறந்து சில வாரங்களேயான குழந்தைக்கு இவ்வைரசு உயிராபத்தானது. குழந்தையைப் பார்க்க வரும் உறவினரிடம் இதனைக் கூறுவது மரியாதைக் குறைவாகாது. நோயுற்ற பிள்ளை விரல் சூப்பிக் கண்ணைத் தேய்த்தால் கண்ணுக்கும் தொற்றலாம். தோற்கரப்பான் உள்ள பிள்ளைக்கு இந்நோய் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை, கால், வாய் நோய்: காய்ச்சலுடன் வாயில் வலியுள்ள புண்களும், உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும், சிலவேளை பிட்டத்திலும் சிவந்த பொட்டுகளும் தோன்றும். குழந்தைகள் காப்பகங்களில் எளிதில் பரவும். 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலிருந்து ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயரில் செய்திகளில் வந்ததும் இந்நோயின் ஒரு வடிவமாகவே கருதப்படுகிறது; தக்காளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் குணமாகும். சில வாரங்களின் பின் நகங்கள் கழன்றாலும் மீண்டும் வளரும். மலத்தின் வழியே வைரசு பல வாரங்கள் வெளியேறுவதால், அணையாடை மாற்றிய பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் அவசியம். பிள்ளை மீண்டும் காப்பகத்துக்கு எப்போது வரலாம் என்பதை அக்காப்பகத்திடமே கேட்டறியுங்கள்.

தனிப் புண்கள்: காய்ச்சலின்றி, ஒன்றிரண்டு வெள்ளைப் புண்கள் தோன்றி ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் ஆறிவிடுவது இயல்பானதே. ஆனால் சில வாரங்களுக்கு ஒருமுறை காய்ச்சலுடன் புண்கள் திரும்பத் திரும்ப வந்தாலோ, ஒரு புண் மூன்று வாரங்களாகியும் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முரசில் இரத்தம் கசிவதுடன் பிள்ளை வெளிறி, காரணமின்றி உடலில் நீலத் தழும்புகளும் காணப்பட்டால் தாமதிக்கலாகாது. அரிதாக இது இரத்த நோயின் அறிகுறியாக இருக்கும்.

பாற்பல் சொத்தையும் முரசுக் கட்டியும்

‘பாற்பல் எப்படியும் விழப்போகிறது’ என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றின் அடியிலேயே நிரந்தரப் பற்கள் உருவாகின்றன.

மேல்முன்பற்களில் முரசை ஒட்டிச் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிவதே சொத்தையின் முதல் அடையாளம். இந்நிலையில் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். அது பழுப்பாகிக் குழியாகும்போதே வலி தோன்றும். பின்னர் பல்லின் வேருக்கு நேரே முரசில் பரு போன்ற சிறு கட்டி எழும். அது உடைந்து சீழ் வெளியேறியதும் வலி நின்றுவிடும். பெற்றோர் குணமாகிவிட்டது என எண்ணுவர். உண்மையில் தொற்று உள்ளேயே தங்கியிருக்கிறது. இக்கட்டியைக் கண்டால் வலி இல்லாவிடினும் பல் மருத்துவரிடம் நாள் பெறுங்கள். கன்னமோ கண்ணின் கீழ்ப்பகுதியோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலையாகும்.

ஜேர்மன் மொழியில் இதற்கு ‘ஷொப்பன்காரியெஸ்’, அதாவது போத்தற் சொத்தை என்று பெயர். பிள்ளை போத்தலை வாயில் வைத்தபடியே உறங்குவதும், பால் மாவிலோ தேநீரிலோ சீனி சேர்ப்பதும், மோல்ட் பானங்களையும் பழச்சாற்றையும் நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சக் கொடுப்பதும், நுக்கியைத் தேனில் தோய்ப்பதும் இதன் காரணங்கள். இரவுப் போத்தலில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

முதற்பல் தோன்றியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிந்து மகிழ்வது எமது மரபு. அந்த நாளையே பல் துலக்கத் தொடங்கும் நாளாகவும் கொள்ளுங்கள். மென்மையான சிறு தூரிகையும் ஃபுளோரைட் கலந்த குழந்தைப் பற்பசையும் போதும். பசை மிகச் சிறிதளவே தேவை. பிள்ளை தானாகத் துலக்கினாலும் பாடசாலைப் பருவம் தொடங்கும் வரையும் அதற்குப் பின்னர் சில ஆண்டுகளும் பெற்றோர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லின் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதனையும் பாற்பல் எனக் கருதிக் கவனியாது விடும் பெற்றோர் பலர்.

சமையல் உப்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். சுவிற்சர்லாந்தில் 1955 முதல் ஃபுளோரைட் சேர்த்த உப்பு விற்பனையாகிறது. பச்சை நிறப் பொதியிலுள்ள உப்பில் அயடீனும் ஃபுளோரைட்டும் உள்ளன. தமிழ்க் கடைகளில் வாங்கும் கடலுப்பில் இவை இல்லாமல் இருக்கலாம். பொதியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

- பல் முளைக்கும் வலிக்கு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கடிவளையம் அல்லது ஈரமான சுத்தத் துணியைக் கடிக்கக் கொடுங்கள். உறைகுளிரில் வைத்தால் முரசு புண்படும். கழுவிய விரலால் முரசை மெல்ல வருடுவதும் உதவும். கரட் துண்டு, கடினமான பிஸ்கற் போன்றவை தொண்டையில் சிக்கக்கூடும்.
- வாய்ப்புண் உள்ள பிள்ளைக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி நீராகாரம் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி என்றாலும் போதும். குடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் எளிதாக இருக்கும்.
- ஆறிய குரக்கன் கூழ், நன்கு மசித்த தயிர்ச்சோறு, குளிர்ந்த யோகட், பாலில் ஊறிய இடியப்பம் போன்றவை எரிவு தரமாட்டா. தோடம்பழச்சாறு, தக்காளி, ரசம், சம்பல், உப்பு மிகுந்த உணவுகள் ஆகியவற்றை ஆறும் வரை தவிருங்கள். இரண்டு நாட்கள் திட உணவு குறைந்தால் கலங்க வேண்டாம். நீர் குறைந்தாலே கலங்க வேண்டும்.
- வலி மிகுந்தால், உணவுக்கு அரை மணிநேரம் முன்னர் பரசிற்றமோல் கொடுப்பது பிள்ளை உண்ண உதவும். அளவு வயதைக் கொண்டன்று, உடல் எடையைக் கொண்டே கணிக்கப்படும். மருந்தாளரிடம் பிள்ளையின் எடையைக் கூறிக் கேளுங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஊரில் நாம் அறிந்த பனடோலும், இங்குள்ள டஃபல்கானும், அசெட்டல்கினும் ஒரே மருந்தே; அனைத்தும் பரசிற்றமோல். தாய் பாணியாகக் கொடுத்ததை அறியாமல் தந்தை ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

தவிர்க்க வேண்டிய மருந்துகள்

பிள்ளையின் வாய்வலிக்குக் கொடுக்கப்பட்ட மருந்தே நோயாக மாறிய வரலாறு உண்டு. சூரிச் குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநராக 1929 வரை பணியாற்றிய எமில் ஃபேயரின் பெயரால் ‘ஃபேயர் நோய்’ என அழைக்கப்பட்ட நோயொன்று இருந்தது. கைகால்கள் இளஞ்சிவப்பாக வீங்கும். பிள்ளை வியர்த்து, வெளிச்சத்துக்கு அஞ்சி, ஓயாது அழும். முரசு வீங்கிப் பற்களே கழன்று விழும். பல பத்தாண்டுகள் எவருக்கும் காரணம் விளங்கவில்லை. அவருக்குப் பின் இயக்குநரான குய்டோ ஃபன்கோனியும் அவருடன் பணியாற்றியோரும் 1947இல் இதனைப் பாதரச மருந்துடன் தொடர்புபடுத்தினர். அக்காலத்தில் கலோமெல் எனும் பாதரச உப்பு புழுமருந்திலும், இங்கிலாந்தில் பல் முளைப்பதற்கான பொடியிலும் சேர்க்கப்பட்டிருந்தது. 1950களில் அப்பொடிகள் கைவிடப்பட்டன. நோயும் ஏறத்தாழ மறைந்தது. பல்லுக்காகக் கொடுத்த பொடி பற்களையே பறித்திருந்தது.

இப்படிப்பினை இன்றும் பொருந்தும். பின்வருவனவற்றைப் பிள்ளையின் வாயில் பூச வேண்டாம்.

- வெங்காரம்: பொரித்துத் தேனில் குழைத்து வாய்ப்புண்ணுக்குப் பூசும் வழக்கம் எம்மிடம் உண்டு. வெங்காரமும் தேனும் கலந்து நுக்கியில் பூசப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டமை 1983இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது.
- தேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எவ்வடிவிலும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.
- கராம்பு எண்ணெய், கர்ப்பூரம்: பெரியவர்களின் பல்வலிக்குப் பயன்படுத்துபவை. சிறு பிள்ளை சிறிதளவு விழுங்கினாலும் நஞ்சாகலாம்.
- மரத்துப்போகச் செய்யும் களிம்புகள்: பென்சோகேன் கலந்தவற்றை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் அறிவித்தது, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கக்கூடும். சலிசிலேற் கலந்த வாய்க் களிம்புகளை 16 வயதுக்குட்பட்டோருக்குத் தவிர்க்குமாறு பிரித்தானியா 2009இல் அறிவுறுத்தியது. ஊரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் களிம்பை முதலில் மருந்தாளரிடம் காட்டுங்கள்.
- அஸ்பிரின்: பிள்ளைகளுக்கு மருத்துவர் கூறாமல் கொடுக்கலாகாது.
- அம்பர் மணிமாலை: பல்வலியைத் தணிக்கும் என விற்கப்படுகிறது. பயனில்லை, கழுத்தை நெரிக்கும் ஆபத்தும், மணி தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

பிள்ளை இவற்றில் ஒன்றை விழுங்கிவிட்டால் 145ஐ அழையுங்கள். அது சுவிற்சர்லாந்தின் நஞ்சுத் தகவல் நிலையம். இரவும் பகலும் செயற்படுகிறது.

விழுந்து வாயில் அடிபட்டால்

நடை பழகும் பிள்ளை விழும்போது முதலில் அடிபடுவது மேல்முன்பற்களும் உதடும் ஆகும். சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். முற்றாகக் கழன்று விழுந்த பாற்பல்லை மீண்டும் குழியில் பொருத்த முயலாதீர்கள். அடியிலுள்ள நிரந்தரப் பல்லைக் காயப்படுத்தும். கழன்ற பல்லை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் செல்லுங்கள். பல்லோ அதன் துண்டோ கிடைக்காமல், பிள்ளை இருமினால் அது மூச்சுக்குழாயில் சென்றிருக்கலாம். உடனே 144ஐ அழையுங்கள். சில நாட்களின் பின் பல் சாம்பல் நிறமானாலும், முரசில் கட்டி எழுந்தாலும் மீண்டும் காட்ட வேண்டும்.

செலவை யார் ஏற்பர்?

‘பல் வைத்தியம் விலை கூடியது, காப்புறுதி கொடுக்காது’ என்று அறிந்த பெற்றோர், அதனாலேயே வாய்ப்புண்ணுக்கும் மருத்துவரிடம் செல்லத் தயங்குகின்றனர். இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

முதலாவது, குழந்தை மருத்துவரிடம் காட்டும் வாய் நோய்கள். வெண்படலம், ஹெர்பீஸ் தொற்று, கை, கால், வாய் நோய் ஆகியன ஏனைய நோய்களைப் போன்றவையே. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள நோய்க்காப்புறுதிச் சட்டத்தின்படி அடிப்படைக் காப்புறுதி இவற்றின் செலவை ஏற்கிறது. பிள்ளைகளுக்கு ‘ஃபிரான்ஷீஸ்’ எனும் ஆண்டுத் தொடக்கத் தொகையைச் சட்டம் விதிப்பதில்லை. பெற்றோர் தாமாகத் தெரிவு செய்திருந்தால் மட்டுமே அது உண்டு. 10 வீதப் பங்களிப்பு உண்டு. அது ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 350 பிராங்கைத் தாண்டாது. குழந்தை பிறந்து மூன்று மாதங்களுக்குள் காப்புறுதியில் சேர்க்கப்பட வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, பல் மருத்துவரின் சிகிச்சை. சொத்தைக்கு மருந்திட்டு அடைத்தல், பல் பிடுங்குதல் ஆகியவற்றை அடிப்படைக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. சட்டத்தின் 31ஆம் உறுப்புரை சில விதிவிலக்குகளைக் கூறுகிறது: மெல்லும் உறுப்புகளின் தவிர்க்க முடியாத கடும் நோய், கடுமையான பொதுநோயினால் ஏற்படும் பற்பாதிப்பு, வேறெந்தக் காப்புறுதியும் ஏற்காத விபத்தினால் உண்டான பற்பாதிப்பு. சிறு பிள்ளை விழுந்து பல் உடைந்தால் அது இம்மூன்றாவது வகையில் அடங்கும். ஆகவே விபத்து நேர்ந்ததும் நாள், இடம், நிகழ்ந்த விதம் ஆகியவற்றை எழுதிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பல நிறுவனங்கள் இதற்கெனத் தனிப் படிவம் வைத்துள்ளன.

பற்சிகிச்சைக்கான மேலதிகக் காப்புறுதி விருப்பத்துக்குரியது. நிறுவனம் விண்ணப்பத்தை மறுக்கவோ, ஏற்கெனவே உள்ள குறைபாடுகளை விலக்கவோ முடியும். எனவே அதனை எடுக்க விரும்புவோர், சொத்தை தோன்றும் முன், பிள்ளை மிகச் சிறியதாக இருக்கும்போதே எடுப்பது பயன் தரும்.

பெருஞ்செலவான சிகிச்சைக்கு முன் எழுத்து மூலமான செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். ஜேர்மன் மொழியில் இது ‘கோஸ்டன்ஃபோர்அன்ஷ்லாக்’. சமூக உதவியோ மேலதிகக் கொடுப்பனவோ பெறும் குடும்பங்களுக்கு எளிய, பொருத்தமான, சிக்கனமான பற்சிகிச்சைச் செலவு ஏற்கப்படலாம். ஆனால் மதிப்பீடு சிகிச்சை தொடங்குமுன் சமர்ப்பிக்கப்பட்டு ஒப்புதல் பெறப்பட வேண்டும். தாங்க முடியாத வலியைத் தணிக்கும் அவசரச் சிகிச்சைக்கு அக்காத்திருப்பு தேவையில்லை. சமூக உதவி பெறுவோர் நகரசபையின் சமூகப் பிரிவில் இது பற்றி விசாரிக்கலாம்.

சூரிச் மாநிலத்தில் கட்டாயக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் பற்பரிசோதனையின் செலவை உள்ளூராட்சி ஏற்கிறது. பாடசாலையிலிருந்து வரும் படிவத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். எனினும் பாலர் வகுப்பு நான்கு வயதிலேயே தொடங்குகிறது. சொத்தையோ இரண்டு வயதிலேயே தொடங்கிவிடலாம். ஆதலால் இரண்டு வயதளவில் முதன்முறையாகப் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது, யாரை அழைப்பது?

உடனே 144ஐ அழையுங்கள்: மூச்சுவிடச் சிரமப்படுதல்; உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல் வாய் திறந்தபடி இருத்தல்; எழுப்பினாலும் விழிக்காதிருத்தல்; வலிப்பு.

அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் (இரவாயினும் காத்திருக்க வேண்டாம்), மேலே கூறிய வறட்சி அறிகுறிகள், கன்னமோ கண்ணைச் சுற்றியோ வீக்கம், காய்ச்சலுடன் முரசு வீங்கி இரத்தம் கசிதல்.

முதலில் உங்கள் குழந்தை மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காதபோது சூரிச் மாநிலத்தின் மருத்துவத் தொலைபேசிச் சேவையான ‘ஏர்ட்ஸ்டெஃபோன்’ 0800 33 66 55 எனும் இலக்கத்தில் 24 மணிநேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும். அவசரப் பல் மருத்துவரையும், திறந்திருக்கும் மருந்தகத்தையும் இச்சேவையே அறியத் தரும். சூரிச் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனை 2024 நவம்பரில் ஹொட்டிங்கனிலிருந்து லெங்க் பகுதிக்கு இடம்மாறியுள்ளது. பழைய முகவரிக்குச் செல்ல வேண்டாம்.

அவசரமற்ற கேள்விகளுக்கு, ‘மூட்டர் உண்ட் ஃபேட்டர்பெராட்டுங்’ எனும் தாய் தந்தையர் ஆலோசனைச் சேவையை நாடலாம். பல் முளைத்தல், பாலூட்டல், உணவு, பல் துலக்கல் ஆகியவை பற்றிக் கட்டணமின்றி ஆலோசனை வழங்கப்படும். எமது வட்டாரத்துக்குரிய நிலையம் டீட்டிக்கோனில் உள்ள சிறுவர், இளையோர் உதவி மையமாகும்.

தொலைபேசியில் கூறக்கூடிய சில ஜேர்மன் வாக்கியங்கள்:

- ‘மைன் கிண்ட் ஹாட் ஃபீபர்’: என் பிள்ளைக்குக் காய்ச்சல்.
- ‘எஸ் ட்ரிங்க்ட் நிஹ்ட்ஸ் மேர்’: எதுவும் குடிப்பதில்லை.
- ‘டாஸ் ட்சான்ஃப்லைஷ் ப்ளூட்டெட்’: முரசில் இரத்தம் கசிகிறது.
- ‘டீ பக்கெ இஸ்ட் கெஷ்வோலன்’: கன்னம் வீங்கியுள்ளது.
- ‘இஹ் ஷ்ப்ரெஹெ தமிழிஷ்’: நான் தமிழ் பேசுபவர்.

மருத்துவமனைகள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்க முடியும். அதனைக் கேட்கத் தயங்காதீர்கள். பத்து வயது மூத்த பிள்ளையைக் கொண்டு தம்பியின் நோயை மொழிபெயர்ப்பித்தல் இரு பிள்ளைகளுக்கும் நல்லதன்று. மருந்தின் அளவு, கொடுக்க வேண்டிய நேரம் ஆகிய இரண்டையும் எழுதித் தருமாறு கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையின் வாயில் வலி வரும்போது பல்லைக் காரணம் கூறுவது தவறன்று. அதனை முதல் விளக்கமாகக் கொள்வதே தவறு. வெப்பமானியைப் பார்த்து, நீர் அருந்துவதைப் பார்த்து, வாயினுள்ளும் பார்த்த பின்னர், வேறெதுவும் இல்லையெனில் ‘பல்லுத்தான்’ என்று அமைதி கொள்ளலாம்.